பழைய பாம்பன் பாலத்தை ஏ.ஆரில் திறக்கலாம்... கை வலிக்க வேண்டாமா?

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கப்பல் கடக்க வேண்டுமென்றால், தொழிலாளர்கள் லீவரைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது. அப்போதுதான் நடுவில் உள்ள ஷெர்சர் தூக்குப் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் மெல்ல மெல்ல மேலே எழுந்தன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் அந்த வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, 17 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக ஏறுகிறது.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதை அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர், நல்ல வழி. போனைக் கடல் பக்கம் நீட்டி, பட்டனைத் தட்டினால் திரையில் பாலம் திறக்கும். ஒரு வீடியோ எடுத்தா முடிஞ்சது கதை. அங்கேதான் சிக்கலே. அந்தப் பாலத்தின் கதை கை உழைப்பு. பட்டனைத் தட்டித் திறந்தால் அது புதிய பாலத்தின் கதையாகிவிடும்.

சரி, திரையில் தெரியும் லீவரை நிஜக் கையால் சுற்ற முடியுமா? பாதி முடியும். 2019-ல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் கருவி, சாதாரண கேமரா படத்திலிருந்தே ஒரு கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. விரல்கள் மடங்குவதை வைத்து, 'பிடித்துவிட்டார்' என்று ஆப் முடிவு செய்யும்.

தடுமாற்றம் அதன் பிறகு. லீவரைச் சுற்றிப் பிடித்த விரல், லீவருக்குப் பின்னால் மறைந்துபோகும். கையின் ஆழத்தைக் கணக்கிட்டு, எது முன்னால், எது பின்னால் என்று வரைந்தால் இது சரியாகும். ஆனால் கனம்? காற்றைப் பிடித்துச் சுற்றுவது மாதிரிதான் இருக்கும்.

இதற்கும் ஒரு வழி உண்டு. கை ஒரு முழுச் சுற்று போனாலும், திரையில் லீவர் கால் சுற்று மட்டும் நகரட்டும். கண் பார்க்கும் மந்தத்தை மூளை கனமாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு கையில் இருக்கும் போன் ஒவ்வொரு பல்லுக்கும் லேசாக அதிர்ந்தால் இன்னும் நம்பும்.

'இவ்வளவு மெதுவா இருந்தா யார் பார்ப்பாங்க?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாலத்தைத் திறந்தது ஒற்றை ஆள் அல்ல, ஒரு குழு. நாலு நண்பர்கள் சேர்ந்து சுற்றினால்தான் திறக்கும் என்று வைத்தால், மெதுவே விளையாட்டாகிவிடும். கையை அசைக்க முடியாதவர்களுக்கு மட்டும் பட்டன் இருக்கட்டும்.

இரும்பின் துருவரை அச்சு அசலாக வரைவது இன்று பெரிய விஷயமில்லை. பார்ப்பவரின் தோள் கொஞ்சம் வலித்தால்தான், அந்த இரும்பை இத்தனை வருஷம் தூக்கியவர்கள் நினைவுக்கு வருவார்கள்.