எஸ்டேட் என்னும் சொல்

மொனராகலையின் இறப்பர்த் தோட்டத்திலும் பதுளையின் தேயிலைத் தோட்டத்திலும் தொழிலாளர் நாவில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொல் 'எஸ்டேட்'. அச்சொல் சட்டநூலில் பெறும் பொருளையும், அவர்தம் வாழ்வில் பெற்றிருக்கும் பொருளையும் அருகருகே வைத்து நோக்கியோர் சிலரே.

நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வேரினின்று பிறந்தது 'ஸ்டேட்டஸ்'. நிலை, அந்தஸ்து என்பது அதன் பொருள். அதுவே பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து 'எஸ்டேட்' ஆயிற்று. அரசைக் குறிக்கும் 'ஸ்டேட்' அதன் உடன்பிறப்பு. பிரான்சில் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாருக்கும் அதுவே பெயர். பத்திரிகையாளரை நான்காவது எஸ்டேட் என்பர். நமக்கு வாய்த்த எஸ்டேட் அது ஒன்றே! இறந்தவர் விட்டுச்செல்லும் ஆதனமும் எஸ்டேட். ஆங்கிலச் சட்டத்தில் நிலம் யாவும் முடிக்குரியது. அதில் ஒருவர் கொண்டிருக்கும் உரிமையின் பெயரே எஸ்டேட்.

இந்த முடியுரிமைக் கொள்கைதான் இலங்கைக்கும் கப்பலேறி வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவையென அனுமானித்தது. தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு அவை துரைமார் கைக்குச் சென்றன. கண்டிச் சிங்களக் குடியானவன் காணி இழந்தான், உண்மை. பறித்தவன் தமிழ்த் தொழிலாளி அல்லன் என்பதும் அதே அளவு உண்மை.

எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டில் மாண்டவனுக்கு, சட்டத்தின் பொருளில் எஸ்டேட் ஏதுமில்லை. நிலந்தான் இல்லை, நிலையாவது உண்டா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதையும் பறித்தது. தந்தை இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டால், லயத்தில் பிறந்தவன் எந்தப் பதிவேட்டைக் காட்டுவான்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது.

நிலை மீண்டது, நிலம் வரவில்லை. வெல்லவாயாவிலிருந்து மலையேறினால் கொஸ்லந்தை. அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு அபாயம் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஏன் வெளியேறவில்லை என்று பின்னர் கேட்டவர்கள் உண்டு. நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: எங்கே வெளியேறுவது? சொந்தமென ஒரு சாண் காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை எதற்குப் பயன்படும்?

ஏழு பேர்ச் காணி தருவதாகப் பின்னர் அரசு அறிவித்தது. ஓர் ஏக்கரில் 160 பேர்ச் என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக. அந்த ஏழிலும் வீடு எழுந்த இடங்களிற்கூட உறுதிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. இதில் சட்டச் சிக்கல் இருப்பதாகச் சொல்வது வெறுஞ்சாட்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் வந்த கம்பனிகள் குத்தகைக்காரரே. குத்தகைக்கு விட்டவர் ஒரு துண்டை மீட்டுக் கொடுக்கலாகாதென எச்சட்டம் கூறுகின்றது?

தோட்டக் காரியாலயத்தின் அனுமதிக் கடிதம் வேண்டாம். மண்சரிவு அபாயமற்ற நிலத்தில், கணவன் மனைவி இருவர் பெயரிலும், காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி வேண்டும். அதனை ஊவாவிலிருந்தே தொடங்குமாறு அரசைக் கோருகின்றோம்.