பழி நூல் மேல்! ரீலைத் தேய்ப்பது யார்?

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது தெரியும். ராட்டினம் "கிறீச், கிறீச்" என்று சுற்றிக் கொண்டிருக்கும் வரை கவலை இல்லை. துருப்பிடித்து நின்றுவிட்டால்தான் வம்பு. கயிறு ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் பறித்துவிடும்.

இன்று தாம்பரம் பக்கத்துத் தூண்டில்காரர்களின் ரீலிலும் இதே கதைதான் நடக்கிறது.

மாடம்பாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று தாம்பரத்தைச் சுற்றி ஏரிகள் பல. கிழக்கே போனால் முட்டுக்காடு கழிமுகம். அதை ஒட்டிக் கோவளம் கடற்கரை. விடுமுறை நாளில் அப்பாவும் பிள்ளையும் தூண்டிலோடு கிளம்புகிறார்கள். மூங்கில் கழிக்குப் பதில் ரீல் வைத்த கழி. நைலான் நரம்புக்குப் பதில் பின்னல் நூல். கடைகளில் இதற்கு 'பிரெய்டு' என்று பெயர்.

சில மாதம் போகிறது. ரீல் கரகரக்கிறது. "இந்த நூல் இரும்பையும் அறுக்கும். வாங்காதே!" என்கிறார்கள் பார்த்தவர்கள்.

இது சரியா? பாதிதான் சரி.

அறுப்பது எது?

பின்னல் நூலும் பாலிதீன் இனம்தான். ஆனால் கடைப் பை செய்யும் பாலிதீன் அல்ல. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் வலுவான இழை. 4 இழை, 8 இழை என்று சடை போலப் பின்னுகிறார்கள். 1990-களில் இது தூண்டிலுக்கு வந்தது. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். சுத்தமான நூல் நல்ல உலோகத்தைச் சுலபத்தில் தேய்த்துவிடாது.

அப்படியானால் தேய்ப்பது எது? மணல்!

நைலான் நரம்பு ஒரே கம்பி போன்றது. அதில் தண்ணீர் அதிகம் தங்காது. பின்னல் நூலிலோ இழைக்கு இழை சந்து உண்டு. ஏரிச் சேறும், கடற்கரை மணலும், உப்பும் அந்தச் சந்தில் ஏறிக்கொண்டு வருகின்றன. ரீலுக்குள் நூலைத் திருப்பிவிட ஒரு சிறு உருளை இருக்கிறது. மணல் ஏறிய நூல் அதன்மேல் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது.

உப்பு உள்ளே பூத்துவிட்டால் உருளை சுற்றாமல் நின்றுவிடும். பிறகு நூல் ஒரே தடத்தில் ஓடும். பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் விளிம்பே நூலையும் அறுக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், மணல் ஊர உருளை தேயாதா?

நூல் அறாது, பல் உடையும்!

இன்னொரு காரணமும் உண்டு. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். பெரிய கொடுவா ஒன்று வெட்டி இழுத்தால், அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கை நரம்பே தாங்கிக் கொள்ளும். பின்னல் நூல் அநேகமாக நீளாது. முழு அதிர்ச்சியும் ரீலின் பல்சக்கரத்தில் போய் விழும்.

மெல்லிய நூல்தானே என்று சின்ன ரீலில் 50 பவுண்டு நூலைச் சுற்றுகிறார்கள். 50 பவுண்டு என்றால் சுமார் 23 கிலோ! சின்ன ரீல் தாங்குவது 4, 5 கிலோ இழுப்பு. மீன் இழுக்கும்போது நூலை விட்டுக் கொடுக்க 'டிராக்' என்னும் திருகு இருக்கிறது. அதையும் இறுக முடுக்கி விடுகிறார்கள். அப்புறம் என்ன ஆகும்? அறுந்திருக்க வேண்டிய நூல் அறாது. உடையக்கூடாத பல் உடையும். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய ரீல் குப்பைக்குப் போகும்.

நூலின் பலத்தைப் பார்த்து முடுக்கக் கூடாது. ரீலின் பலத்தைப் பார்த்து முடுக்க வேண்டும்.

முள் பாறையில் மாட்டிக்கொண்டால் ரீலைச் சுற்றி இழுப்பதும் தவறு. கையில் நூலைச் சுற்றி இழுப்பது அதைவிடத் தவறு, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுப்பதே நல்லது.

5 நிமிட வேலை

பரிகாரம் பெரிதல்ல. வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் லேசாக அலச வேண்டும். முக்கி வைக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, உருளையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். விரலால் தள்ளினால் உருளை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். புது நூல் சுற்றும்போது அடியில் சில சுற்று நைலான் நரம்பு போட்டால், நூல் மொத்தமாக வழுக்காது.

இந்த 5 நிமிடம் இல்லாதவர்களுக்கு நைலான் நரம்பே மேல். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். விலையும் குறைவு, தவறு செய்தாலும் ரீல் பிழைக்கும்.

மற்றவர்கள் பின்னல் நூலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பழியை நூல் மேல் போடக் கூடாது. ராட்டினத்துக்கு எண்ணெய் விடாமல் கயிற்றைத் திட்டினால், கிணற்றுத் தண்ணீர் மேலே வருமா?