படிக்கப் போன இடத்தில் சிரித்தால் என்ன?

வெளிநாட்டில் படிக்கப் போன நம் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டால் போதும். பனியில் நாலு பேரோடு நின்று சிரிக்கிற படம், யாரோ ஒரு நைஜீரிய நண்பனின் பிறந்தநாள் படம். உடனே கீழே வந்துவிடுகிறார்கள். 'மக்கள் வரிப்பணத்தில் கூத்தடிக்கிறார்கள்' என்று ஒருவர். 'அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாள், மகளுக்கு அங்கே பார்ட்டி' என்று இன்னொருவர். சாதி வெறியர்கள் சொன்னால் ஆச்சரியமில்லை. நாம் புதுச்சட்டை போட்டாலே அவர்களுக்கு எரியும். இயக்கத் தோழர்களே இப்படி எழுதுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்க ஆசை என்றால் வேறு இடம் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 பேருக்குத்தான். 2022இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய இந்தப் பணம் கிடையாது என்றார்கள். சாதியைப் பற்றி வெளியே போய்ப் படிக்காதே என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள்? அந்தக் கோபத்தை ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் காட்ட வேண்டாம்.

ஆதிக்கச் சாதிப் பையன் வெளிநாடு போனால் அங்கே அவனுக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். விமான நிலையத்துக்குக் கார் வருகிறது. முதல் மாதம் தங்க அறை கிடைக்கிறது. எந்தக் கம்பெனியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. குடும்பத்தில் முதல் ஆளாக பாஸ்போர்ட் எடுத்த நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு பிடிக்கப் போனால், அந்த நாட்டிலேயே இருக்கிற ஒருவரின் ஜாமீன் கையெழுத்தைப் பல இடங்களில் கேட்பார்கள். பகுதிநேர வேலை எங்கே காலி, எந்தப் பேராசிரியர் மனிதர்போல் நடந்துகொள்வார், காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இருக்காது. வகுப்பு முடிந்தபின் காபிக் கடையில் வெட்டிக்கதை பேசும்போதுதான் காதில் விழும். வெட்டிக்கதைக்கு ஆள் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை.

அண்ணல் 18 மணி நேரம் படித்தார் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். படித்தார், உண்மைதான். ஆனால் 1913 ஜூலையில், 22 வயதில், பரோடா மன்னரின் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையோடு நியூயார்க்கில் இறங்கியவர் அங்கே நண்பர்களையும் சேர்த்தார். லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் அவரோடு தங்கிய நவல் பத்தேனா என்ற பார்சி இளைஞர் கடைசிவரை நண்பராக இருந்தார். 1920இல் பாதியில் நின்ற படிப்பை முடிக்க அண்ணல் லண்டன் திரும்பியபோது சொந்தச் சேமிப்பு போதவில்லை. கோல்ஹாபூர் சாகு மகராஜ் உதவினார். இன்னொரு பக்கம் கடன் கொடுத்தது அந்த விடுதி நண்பர். கொலம்பியாவின் வகுப்புத் தோழர்களும் டூயி போன்ற பேராசிரியர்களும்தான் தன் வாழ்வில் கிடைத்த மிகச் சிறந்த நண்பர்கள் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1936இல் அவர் எழுதிய 'சாதி ஒழிப்பு'க்குள் அந்த டூயியின் வகுப்பு இருக்கிறது. சனநாயகம் முதலில் மனிதர்கள் சேர்ந்து வாழும் முறை, பலவகை மனிதர்கள் தடையில்லாமல் ஒருவரோடொருவர் கலந்து பழக வழி இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற இடத்தில் பிறந்தவருக்கு, கண்டவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரிப்பது அதன் முதல் அனுபவமாக இருக்கலாம். அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் ஊரின் டீக்கடை பெஞ்சை மறந்துவிட்டார்கள்.

எல்லா நட்பும் பத்தேனாவின் நட்பு ஆகாது என்பதையும் அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டன என்கிறார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அது திரும்பி வந்துவிட்டது: எங்கே தங்குவது? தன்னைப்போலவே அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த நண்பர்கள் அதே ஊரில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் உள்ளே விடுவார்களா என்று அவரால் உறுதியாக நினைக்க முடியவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள்.

அந்தச் சந்தேகம் இன்று நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலேயே வருகிறது. அதுவும் முதல் வாரத்திலேயே. புதிதாகப் போகிறவருக்கு உடனே கிடைப்பது இந்திய மாணவர் வாட்ஸ்அப் குழு, தமிழ்ச் சங்கப் பொங்கல், தீபாவளி விருந்து. இட்லியும் இருக்கும், இளையராஜாவும் இருக்கும். கூடவே 'சொந்த ஊர் எது?' வரும், பிறகு 'அங்கே எந்தப் பக்கம்?' வரும். அறைத்தோழர் தேவை என்ற விளம்பரத்தில் 'சைவம் மட்டும்' இருக்கும். ஈக்வாலிட்டி லேப்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் கலந்துகொண்ட தலித்துகளில் பாதிப்பேர் தங்கள் சாதி வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் வாழ்வதாகச் சொன்னார்கள். விருந்து முழுக்கப் பொய் ஊர் சொல்லிச் சிரித்துவிட்டு அறைக்கு வந்து படுப்பது பெரிய களைப்பு.

அதற்காகப் பொங்கலுக்கே போகாதே என்று சொல்லமாட்டேன். தமிழ் பேச ஆசைப்படுவது குற்றமா? போங்கள், வடையைச் சாப்பிடுங்கள். அது மட்டுமே உங்கள் உலகம் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் சங்கம், கால்பந்துக் குழு, கறுப்பின மாணவர் அமைப்பு, அம்பேத்கர் வாசிப்பு வட்டம் என்று நாலு கதவையாவது தட்டுங்கள். ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு அதிகப் பணம் ஆகாது. உங்கள் வீட்டு மாட்டுக்கறி வறுவலை அங்கே மூடி வைத்துத் தின்ன வேண்டியதில்லை. வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று விசா கட்டுப்படுத்துகிற நாட்டில் கையில் காசு இராது, தெரியும். இது காசு அதிகம் கேட்காத கூட்டு.

இப்படிச் சேர்ந்த கூட்டு என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அப்போது 23 வளாகங்கள். அங்கே நம் மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் தங்கள் கதையைப் பிற மாணவர்களிடம் சொன்னார்கள். சாதி என்ற சொல்லையே புதிதாகக் கேட்டவர்களிடமும் சொல்லியிருப்பார்கள். 2021இல் மாணவர் பேரவை தீர்மானம் போட்டது, ஆசிரியர் சங்கம் கூடவே நின்றது. 2022 ஜனவரியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதி என்ற சொல் ஏறியது.