ஒரு கம்ப்யூட்டராவது கெட்டுப் போகட்டும்!

"கெர்னல் என்றால் என்ன?" என்று கேட்டால் எழுதி ஐந்து மார்க் வாங்கிவிடுவோம். அதைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். அப்போது வயது 21. நம்மைவிட மூன்றே வயதுதான் கூட! அதன் சோர்ஸ் கோடு முழுவதும் கெர்னல்.ஆர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

நானும் இறக்கினேன். பழைய செகண்ட் ஹேண்ட் மெஷின்தான். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று அடித்தால் ஆயிரக்கணக்கில் கேள்விகள். ஒய் போட்டால் கெர்னலுக்குள்ளேயே சேரும், எம் போட்டால் தேவைப்படும்போது ஏறும் மாட்யூல், என் போட்டால் கிடையாது. வீராப்பாக நிறைய என் போட்டேன். ஹார்ட் டிஸ்க் டிரைவரும் அதோடு போச்சு! திரையில் 'கெர்னல் பேனிக்'. பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

அடுத்த தடவை, ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் கான்ஃபிக் ஃபைலை பூட் டைரக்டரியிலிருந்து எடுத்து, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தேன். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அது கழித்துவிடும். (முதலில் பென் டிரைவைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் அதுவும் கழிந்துவிடும். பட்டவன் சொல்கிறேன்!)

லேபில் நமக்குக் கிடைப்பதோ "எதையும் தொடாதே" என்ற போர்டு. ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, கெட்டாலும் பரவாயில்லை என்று நம்மிடம் விடக் கூடாதா? சங்கம் இதைக் கேட்க வேண்டும்.

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், டூவீலர் மெக்கானிக். இன்ஜினைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகியவர். அன்றைக்கு என் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கழட்டினதைத் திரும்ப மாட்டிட்டியாடா?"