ஜவ்வாது மலைக்கு ரோடு: இன்ஜினீயர் மட்டும் போதுமா?

ஜவ்வாது மலையிலிருந்து அவ்வப்போது ஒரு செய்தி வரும்: ரோடு இல்லாததால் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். உடனே 'ஒரு ரோடு போட்டா என்ன?' என்று கமென்ட் குவியும். நியாயமான கோபம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த மலையின் உள்கிராமங்களுக்கு ரோடு வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. எந்த வழியாக, யாரைக் கேட்டுப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

யாரைக் கேட்கணும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுப்படி சாலை, பள்ளி, மருத்துவமனை என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வன நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம்.

பேப்பரில் பக்கா. ஆனால், இங்கே பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரில் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுபவர்கள்) பலர் வேலை தேடி மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள். அவர்கள் இல்லாத நாளில் சபை கூடினால் தீர்மானம் நிறைவேறிவிடும், ஊரின் கருத்து பதிவாகாது. யார் எந்த மாதம் ஊரில் இருப்பார்கள், சாமை விளையும் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது, பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் எந்தத் தடத்தில் போகிறார்கள், ரோடு வந்த மறுநாள் ரிசார்ட்டுக்கு இடம் கேட்டு யார் வருவார்கள்... சர்வே மேப்பில் இதெல்லாம் தெரியாது. ஊரில் தங்கி, கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். சமூக அறிவியலாளரின் வேலை அதுதான்.

இது புது ஐடியாவும் இல்லை. 1914-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், இங்குள்ள நகரங்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகல ரோடு போடும் பழக்கத்தை எதிர்த்தவர். 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கியவரும் அவரே.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? சென்னை கண்ணகி நகரைப் பார்க்கலாம். 2000 வாக்கில் தொடங்கி, நகருக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களை ஓ.எம்.ஆர். பக்கம் கொண்டுபோய் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குடியமர்த்தினார்கள். வீட்டை எண்ணியவர்கள் வேலையை எண்ணவில்லை. அங்கிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் நிலையை மானிடவியலாளர் கேரன் கோயல்ஹோ உள்ளிட்டவர்கள் ஆய்வு செய்து எழுதினார்கள். குடியேற்றுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டிய ஆய்வு.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு விலக்கு. 2018-ல் திருவண்ணாமலை மாவட்டம் வழியாகத் திட்டமிட்ட சென்னை - சேலம் எட்டு வழிச் சாலையும் அந்த விலக்கில்தான் வந்தது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடி கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 பெசா சட்டமும் இந்த மலைக்குப் பொருந்தாது. மிச்சம் இருப்பது வன உரிமைச் சட்டத்தின் அந்த ஒரு பரிந்துரைதான்.

'ஆய்வுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்குமே, அதுவரைக்கும் டோலிதானா?' கேட்க வேண்டிய கேள்வி. 2013 சட்டமே மதிப்பீட்டுக்கு ஆறு மாதக் கெடுதான் வைத்திருக்கிறது. உள்கிராமத்துச் சின்ன ரோட்டுக்கு அவ்வளவுகூட வேண்டாம். அளவெடுக்கப் போகிற ஜீப்பிலேயே ஒரு சமூக ஆய்வாளரும் ஏறட்டும். வெளியூர் போனவர்கள் திரும்பி வரும் மாதத்தில் கிராம சபையைக் கூட்டட்டும்.