கடைசி எண்ணை விழுங்கிய கட்டம்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எங்கள் கடையின் இணையத்தளத்துக்கு ஓர்டர்கள் வழக்கத்தை விடக் கூடுதலாக வந்தன. சாமானைப் பொதி செய்துவிட்டுத் தொலைபேசி எடுத்தால், அப்படியொரு இலக்கமே இல்லை என்று குரல் வந்தது. ஒன்றிரண்டல்ல, பல ஓர்டர்கள் இப்படி. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து அவற்றை ஒருபக்கம் வைத்துவிட்டோம். பிழை எங்களுடையது என்று அப்போது தோன்றவேயில்லை.

ஒரு நாள் சாவகச்சேரியிலிருந்து ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். "முதலாளி, கனடாவிலிருந்து மகள் காசு கட்டி நாலு நாள். தாய்க்கு றைஸ் குக்கர் இன்னும் வரவில்லை" என்றார். கோபப்படாமல்தான் சொன்னார். எனக்கு அதுதான் கூடுதல் வெட்கம்.

பிறகு கணனியின் முன் இருந்து எங்கள் படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். தொலைபேசி இலக்கம் கேட்கும் பெட்டியில் முதல் 0 ஏற்கெனவே போடப்பட்டு, பின்னால் ஒன்பது இடங்கள் கோடாக விடப்பட்டிருந்தன. கணனி செய்யும் பொடியன்கள் இதை 'மாஸ்க்' என்கிறார்கள். முறுக்கு உரலின் அச்சு மாதிரி. எதைப் போட்டாலும் அதன் வடிவில்தான் வரும். நம்மூர் ஆள் பழக்கத்தில் தானும் ஒரு 0 அடிப்பார். உடனே எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், கடைசி எண்ணுக்கு இடமில்லை. கட்டம் அதை விழுங்கிவிடும், சத்தம் போடாது. பிளஸ் 94 என்று தொடங்கும் இலக்கத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் கடைசி இரண்டு எண்களும் போய்விடும். ரொறன்ரோ இலக்கத்துக்கோ பத்து எண்கள், அதுவும் வெட்டுப்படும். படிவம் மட்டும் 'நன்றி, உங்கள் ஓர்டர் கிடைத்தது' என்று சிரிக்கும்.

அச்சுப் போடுவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. காசோலையில் திகதிக்குக் கட்டம் அடித்திருப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். நாள் எது, மாதம் எது என்று வங்கியில் தர்க்கப்பட வேண்டியதில்லை. வடிவம் ஒன்றே ஒன்றாக இருக்கும் விடயத்துக்கு அச்சு மிக நல்லது. வடிவம் இரண்டு மூன்றாக இருக்கும் இடத்தில்தான் அது வாடிக்கையாளரின் முகத்தில் கதவைச் சாத்துகிறது.

தேசிய அடையாள அட்டையைப் பாருங்கள். தவணைக்குச் சாமான் கொடுக்கும் நமக்கு அந்த இலக்கம் இல்லாமல் முடியாது. 2016ஆம் ஆண்டு தொடக்கம் 12 எண்களில் அட்டை வருகிறது. அதற்கு முன் எடுத்த நம்மைப் போன்றவர்களிடம் இருப்பது ஒன்பது எண்களும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். இரண்டும் செல்லுபடியானவை. எங்கள் படிவம் 12 எண்களை மட்டுமே ஏற்றது. போதாக்குறைக்கு, கையடக்கத் தொலைபேசியில் அந்தப் பெட்டியைத் தொட்டால் எண் பலகை மட்டும்தான் விரிந்தது. வீ எழுத்துக்கு எங்கே போவது? படிவம் செய்த தம்பியைக் குறை சொல்ல மனமில்லை. அவருடைய அட்டை 12 எண் அட்டை, அவ்வளவுதான். அவரிடம் வேலையைக் கொடுத்தபோது என் அட்டையை எடுத்துக் காட்டாதது என் தவறு.

இதில் கடன் புத்தகத்துக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு 0 சேர்த்து, எழுத்தை நீக்கினால் அதே ஆளின் 12 எண் இலக்கம் வந்துவிடும். இந்தக் கணக்கைக் கணனிக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், பழைய இலக்கத்தில் ஒருமுறையும் புதிய இலக்கத்தில் மறுமுறையும் தவணை எடுக்கும் ஒருவர் நம் கணக்கில் இரண்டு பேராகத் தெரிவார். கடன் எல்லையும் இரண்டாகும். பிழைபிடிக்கவும் அந்த எண்களே உதவும். ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று எண்கள் பிறந்த நாளின் வரிசை. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே அந்த இடத்தில் 400 என்று இருந்தால் ஏதோ தவறி அடிபட்டிருக்கிறது.

2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூஆர் அட்டை வந்தபோது அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் என்று நாடே படிவம் நிரப்பியது. எத்தனை பேர் கொமினிகேஷன் கடைகளில் இன்னொருவரைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதை நாம் கண்டோம். அந்த மனிதர்கள்தான் நமது வாடிக்கையாளர்கள்.

இப்போது எங்கள் படிவத்தில் தொலைபேசிப் பெட்டி வெறும் பெட்டி. இடைவெளி விட்டாலும், கோடு போட்டாலும், 94 என்று தொடங்கினாலும் வாங்கிக்கொண்டு, நம் வசதிக்கேற்ற ஒழுங்கை உள்ளே கணனியே செய்கிறது. எண் குறைந்தால் என்ன குறைகிறது என்று தமிழில் சொல்கிறது. வெளிநாட்டு இலக்கத்துக்குத் தனி இடம், சாமானைப் பெறுபவரின் இலக்கத்துக்குத் தனி இடம். மாதிரி இலக்கத்தைப் பெட்டிக்கு வெளியே எழுதச் சொன்னேன். உள்ளே மங்கலாக எழுதினால் அடிக்கத் தொடங்கியதும் மறைந்துபோகிறது. கட்டம் போட்ட அச்சு இன்னும் ஓரிடத்தில் இருக்கிறது, திகதிக்கு.

ஒருபக்கம் வைத்த ஓர்டர்களைத் திரும்ப எடுத்தோம். முன்னால் கூடுதல் 0 விழுந்தவற்றில் குறைந்தது கடைசி எண் ஒன்றுதான். 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களுக்கும் மகன் பொறுமையாக அழைப்பு எடுத்தார். சிலர் கிடைத்தார்கள். சிலர் வேறு கடையில் வாங்கிவிட்டார்கள்.