பெற்றவள் பெயரைக் கேட்பது குற்றமா?

சுவீகாரம் போன பிள்ளை வளர்ந்து ஆளாகி, தன்னைப் பெற்றவள் பெயர் என்னவென்று கேட்டால், "தாயின் சம்மதம் எங்கே?" என்று திருப்பிக் கேட்பது எந்த நியாயமென்று கேட்கின்றோம்.

அயர்லாந்தில் 1952-ல் சுவீகாரச் சட்டம் வந்தது முதல் 2022 வரை, அசல் பிறப்புப் பதிவைப் பெற அப்பிள்ளைகளுக்குச் சட்ட உரிமையே கிடையாது. ரகசியம் தாயின் மானத்தைக் காப்பதற்காகவாம்! கலியாணமாகாமல் கருவுற்ற பெண்ணைக் குடும்பத்தாரும் பாதிரியும் சேர்ந்து கன்னியாஸ்திரீகளின் விடுதியில் கொண்டுபோய் விட்டார்களே, அன்று அவள் சம்மதத்தை எவர் கேட்டார்? கையில் காசில்லை, திரும்பிப் போக வீடில்லை. அந்த நிலையில் அவள் போட்ட கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர்! அந்த ரகசியம் காத்ததெல்லாம் குடும்ப கௌரவத்தையும் மதத்தின் பேரையுந்தான் என்போம். 2018-ல் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட சங்கதி இன்னும் மோசம். ஒரே ஸ்தாபனத்தின் தஸ்தாவேஜுகளில் 126 குழந்தைகளுக்கு, வளர்த்தவர்களையே பெற்றவர்களென்று பொய்யாகப் பதிந்திருந்தார்களாம்.

ஸ்காட்லாந்திலோ 1930-ஆம் வருஷச் சட்டமே 17 வயதானவருக்குப் பதிவைத் திறந்துவிட்டது. இங்கிலாந்தில் 1975-ஆம் வருஷச் சட்டம், 18 வயதில். அங்கெல்லாம் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

நிற்க, தாய்க்கு உரிமையே இல்லையா எனில், உண்டு. பழைய சங்கதியைக் கணவனுக்கும் மக்களுக்கும் சொல்லாமலே காலந்தள்ளிய கிழவியின் வாசலில் திடீரென்று ஒருவர் போய் நின்றால் அவள் என்ன செய்வாள்? "பார்க்க இஷ்டமில்லை" என்று சொல்ல அவளுக்குப் பூரண பாத்தியதை உண்டு. ஆனால் அது பார்ப்பதைப் பற்றிய பாத்தியதையேயன்றிப் பதிவைப் பற்றியதல்ல. 2022-ஆம் வருஷத்து ஐரிஷ் சட்டம் இதை ஒப்புக்கொண்டு 16 வயது நிரம்பியவருக்குப் பதிவைக் கொடுக்கின்றது. தாய் வேண்டாமென்று எழுதி வைத்திருந்தால் மாத்திரம், அதிகாரி ஒருவர் அவள் விருப்பத்தை முதலில் எடுத்துச் சொல்லவேண்டுமாம். ஐம்பது வயதானவருக்கும் இந்தப் பாடம் உண்டு!